வாடகை வீடு: கரண்ட் பில் யார் கட்டுவது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாடகை உடன்படிக்கை எழுத வருபவர்கள் வாடகையையும் முற்பணத்தையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். மீற்றரைப் பற்றி ஒரு வரியும் பேசமாட்டார்கள். பிறகு வருகிற மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இந்த முறை வந்த கேள்விகளும் அப்படித்தான்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை நான். கரடிப்போக்கில் வீடு எடுத்து மூன்று வாரம்தான். நேற்று கரண்டுக்குச் சிவப்பு பில் (கட்டாவிட்டால் லைன் வெட்டும் அறிவித்தல்) வந்தது, 18,400 ரூபாய். முன்பு இருந்தவர்கள் கட்டாமல் போன காசு. நான் கட்ட வேண்டுமா?

பதில்: அந்தக் கடன் உங்களுடையது இல்லை. ஆனால் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கரண்ட் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். அது உங்கள் வீட்டுக்காரர். முன்பு இருந்தவரிடம் காசை வாங்குவது அவர் பாடு. ஆனால் லைன் வெட்ட வருபவர் கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார், உள்ளே இருப்பது யார் என்று பார்க்கமாட்டார். ஆகவே இன்றைக்கே பில்லைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அவர் இழுத்தடித்தால், "நான் கட்டிவிட்டு வாடகையில் கழிக்கட்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். சம்மதம் வந்த பிறகு கட்டி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சம்மதம் இல்லாமல் நீங்களாகவே கழித்தால் வாடகை பாக்கி வைத்தவராக ஆகிவிடுவீர்கள்.

வந்த நாளில் மீற்றர் இலக்கத்தைக் குறித்து வைத்திருந்தால் உங்கள் மூன்று வாரக் கணக்கும் தெளிவாக இருக்கும். குறிக்கவில்லையென்றால் இன்றைய இலக்கத்தைக் குறியுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வாரத்துக்கு இத்தனை யூனிட் என்று தெரிந்தால் அதை மூன்றால் பெருக்கலாம். உங்கள் பங்கு அவ்வளவுதான்.

கேள்வி: வவுனியா வைரவபுளியங்குளத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் இருக்கிறோம். முன்வீட்டில் வீட்டுக்கார ஐயாவும் அம்மாவும். இரண்டு பகுதிக்கும் ஒரே மீற்றர். எங்கள் பக்கத்துக்கு ஐயா ஒரு உப மீற்றர் போட்டிருக்கிறார். எங்கள் யூனிட் முழுவதற்கும் பில்லில் உள்ள மிகக் கூடிய விலையைப் போடுகிறார். கிணற்று மோட்டரும் எங்கள் பக்க லைனில்தான் ஓடுகிறது. இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை. ஆனால் ஐயா ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். படிமுறைக் கட்டணம் பலருக்கும் விளங்குவதில்லை.

வீட்டுப் பாவனைக் கணக்கு மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, பிறகு 90, 120, 180 என்று படி ஏறும். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். நீங்கள் 50 யூனிட், ஐயா 70 யூனிட் பாவித்தால் ஒரே மீற்றரில் 120. தனி இணைப்பாக இருந்திருந்தால் நீங்கள் 60க்குள் நின்றிருப்பீர்கள். ஒரே மீற்றர் என்பதால் இரண்டு வீட்டுக்குமே நட்டம். அந்த நட்டத்தை உங்கள் தலையில் மட்டும் கட்டுவதுதான் பிழை.

சரி, எப்படிப் பிரிப்பது? மொத்த பில்லை, நிலையான கட்டணத்தையும் சேர்த்து, யூனிட் அளவுக்குப் பிரியுங்கள். பில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120இல் உங்களுடையது 50. ஆகவே நீங்கள் கட்ட வேண்டியது 2,500, ஐயா 3,500.

மோட்டரை இந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் போகும். ஒரு நாளைக்கு அரை மணி என்றாலும் மாதம் பன்னிரண்டு யூனிட் அளவில் வந்துவிடும். இரண்டு குடும்பமும் குளிக்கிற தண்ணிக்கு நீங்கள் மட்டும் காசு கட்டக் கூடாது. மோட்டரை முன்பக்க லைனுக்கு மாற்றி, அந்தச் செலவை ஆள்கணக்கில் பிரியுங்கள். தாங்கி நிரம்பி வழிகிறதா என்றும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மிதவை வால்வு பழுதானால் மோட்டர் நேரம் கெட்ட நேரமெல்லாம் ஓடும். அதைத் திருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு, உடனே சொல்வது உங்கள் பொறுப்பு.

பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபையில் இப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். குடியிருந்த அம்மா கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி மீற்றர் இலக்கத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பதினொரு தாள். அதை மேசையில் பரப்பியதும் வீட்டுக்காரர் தானும் குனிந்து கூட்டிப் பார்க்கத் தொடங்கினார். அரை மணிக்குள் பேச்சு முடிந்தது.

கேள்வி: அறிவியல்நகரில் மாணவர்களுக்கு வீடு கொடுத்தேன். பில் என் போனுக்குத்தான் வரும். கடைசி இரண்டு மாதக் காசு தராமல் போய்விட்டார்கள். முற்பணத்தில் எடுக்கலாமா?

பதில்: உடன்படிக்கையில் அப்படி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இல்லாவிட்டாலும் பில்லைக் காட்டி, அவர்கள் வெளியேறிய நாள் இலக்கம்வரை கணக்குப் போட்டு எடுத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்று கேட்கிறேன்: பில் உங்கள் போனுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு அனுப்பினீர்களா? காணாத பில்லை அவர்கள் எப்படிக் கட்டுவது?

அடுத்த முறை எழுத்தில் வையுங்கள். மாத வாடகைக்கு வாய்ப்பேச்சு செல்லும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் அது ஒரு வருட உடன்படிக்கை ஆகாது.

கேள்வி: சோலைவரி (நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் வீட்டு வரி) யார் கட்டுவது?

பதில்: வீட்டுக்காரர். வேறு விதமாகப் பேசி எழுதியிருந்தால் மட்டும் நீங்கள்.

கேள்வி: பில்லில் தகராறு. "பியூஸைக் கழற்றினால் தானாக எழும்பிப் போவாய்" என்கிறார் வீட்டுக்காரர். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: அவருக்கு அந்த உரிமை கிடையாது. குடியிருப்பவரை எழுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டும். கரண்டை நிறுத்தியோ கிணற்றைப் பூட்டியோ எழுப்ப முடியாது. கழற்றினால் அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். காசுப் பிணக்கைத் தனியாக மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை நீங்கள் ஒத்துக்கொள்கிற தொகையை மாதா மாதம் பில் கணக்குக்கே கட்டி வாருங்கள், கையில் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் திகதியும் கணக்கு இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர முன்னரே பாருங்கள்.