வழிப்பயணம் கேள்வி–பதில்: ஆகோமாக்காரர்களின் விடுதியில் ஒரு ராத்திரி

பீனிக்ஸில் இருக்கும் மகனிடம் வந்திருக்கிறோம். அடுத்த மாதம் காரிலேயே நியூ மெக்சிகோ மாநிலத்து சான்டா ஃபே வரை போகிறோம். நடுவில் ஒரு ராத்திரிக்கு 'ஸ்கை சிட்டி' என்ற கேசினோ ஹோட்டலில் மகன் அறை போட்டிருக்கிறான். ஆகோமா என்ற பழங்குடியினர் நடத்துகிற இடமாம். பேரப்பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. "சீட்டுக்கட்டைக் கூடத் தொடாத குடும்பம், சூதாட்ட விடுதியில் போய்ப் படுக்கணுமா?" என்று என் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள், என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாகத் தங்குங்கள் அம்மா. ஐயாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாங்கள் முதல்முறை அங்கே தங்கியது திட்டம் போட்டு இல்லை. வேலை மாற்றலாகி ஆல்புகர்க்கிக்கு வந்துகொண்டிருந்தோம். ஜனவரி மாதம். காலப் ஊரைத் தாண்டி, மழைநீர் கிழக்கும் மேற்குமாகப் பிரிகிற முகட்டில் ஏறும்போதே பனி பிடித்துக்கொண்டது. அந்த இடம் 7,000 அடிக்கு மேல். கிராண்ட்ஸ் வருவதற்குள் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 102-வது எக்ஸிட்டில் ஒரு வெளிச்சம். திரும்பிவிட்டோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் மகளின் ஈரமான காலுறையைப் பார்த்தார். பெயர், கார்டு எதுவும் கேட்பதற்கு முன்னால் உள்ளே போய் இரண்டு துண்டுகளை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பினார். காலையில் திரையை விலக்கினால், வடக்கே டெய்லர் மலை முழுக்க வெள்ளையாக நின்றது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். சூதாட்டக் கூடம் ஒரு பக்கம், தங்கும் அறைகள் ஒரு பக்கம். 21 வயது நிரம்பாதவர்களை மெஷின்கள் இருக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள். இதில் அவர்கள் கறார். இப்படிப்பட்ட சில விடுதிகளில் சாப்பாட்டு அறைக்குப் போகிற வழி கூடத்தின் ஓரமாகப் போகும். தரையின் நிறம் மாறுகிற இடத்தோடு பிள்ளைகளின் எல்லை முடியும். வழியில் நின்று வேடிக்கை பார்க்காமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், போதும். பெரிய சங்கடம் சிகரெட் புகைதான். மாநிலத்தின் புகைத்தடைச் சட்டம் பழங்குடி நிலத்தில் தானாகச் செல்லாது. ஒவ்வொரு பழங்குடி அரசும் தனக்கென்று முடிவெடுக்கும். இன்னொரு பழங்குடி அரசான நவஹோ நாடு 2021-ல் சட்டம் போட்டுத் தன் கேசினோக்களிலும் புகையை நிறுத்திவிட்டது. எங்கே தங்கினாலும் முன்கூட்டியே போன் செய்து, புகைக்காதவர்களுக்கான அறையாக, கூடத்திலிருந்து தள்ளி வேண்டும் என்று மகனைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். வெள்ளி, சனியைத் தவிர்த்தால் வாடகை நன்றாகவே குறையும்.

ஐயாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனமில்லை. காலை ஏழு மணிக்குக் காபி வாங்கப் போனபோது, மூச்சுக்கு ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்த ஒரு பெரியவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். ராத்திரி நாங்கள் அறைக்குப் போகும்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். மனசு கஷ்டப்பட்டது. நான் இதுவரை ஒரு டாலர் கூட வைத்து ஆடியதில்லை, இனியும் ஆடப் போவதில்லை. ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் ஆகோமா மக்களின் சொந்த அரசுக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு, நெடுஞ்சாலை ஓரத்தில் வேறு எந்தச் சங்கிலி ஹோட்டலில் தங்குவதைவிடவும் இங்கே தங்குவது எனக்குத் திருப்தி.

ஒன்றே ஒன்று. ராத்திரி படுத்து, காலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 15 மைல் போனால் ஆகோமா மக்களின் பழைய ஊர் இருக்கிறது. 367 அடி உயரப் பாறை, உச்சி மேசை போல் தட்டை, அதன்மேல் வீடுகள். மனிதர்கள் விடாமல் குடியிருந்து வரும் ஊர்களில் இந்த நாட்டின் மிகப் பழையவற்றுள் ஒன்று. மேலே மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. வருஷம் முழுக்க இருப்பது ஒரு சில குடும்பங்கள்தான். மற்றவர்கள் கீழே ஊர்களில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு ஏறிவருவார்கள். மேலே இருக்கும் வீடு கடைக்குட்டி மகளுக்குத்தான் போகும். வழிகாட்டி இதைச் சொன்னதும் என் மகள், தனக்குத் தங்கை யாரும் இல்லை என்பதை எங்கள் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினாள்.

தனியாக ஏற முடியாது. அடிவாரத்தில் ஆகோமாக்காரர்களின் பண்பாட்டு மையம் இருக்கிறது. அங்கே சீட்டு வாங்கினால் பஸ்ஸில் ஏற்றி, ஊர்க்காரர் ஒருவரே கூட வந்து சுற்றிக்காட்டுவார். சான் எஸ்டெபான் தேவாலயம் 1629-ல் தொடங்கி 1640 வாக்கில் முடிந்தது. அதன் உத்தரங்களை டெய்லர் மலையில் வெட்டி, வழியில் தரையில் படவிடாமல் தோளிலேயே சுமந்துவந்ததாகச் சொல்கிறார்கள். வெறும் பாறை ஆயிற்றே, இடுகாட்டு மண்ணைக்கூடக் கீழேயிருந்து சுமந்துதான் நிரப்பியிருக்கிறார்கள். 1599-ல் ஸ்பானியப் படை இந்த ஊரை எரித்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் ஒரு பாதத்தை வெட்டும்படி ஆளுநர் ஓன்யாத்தே தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பைக் கேட்டவர்களின் வாரிசு உங்கள் முன்னால் நின்று அதைச் சொல்லும்போது, பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஆறு வயதுக்குக் கொஞ்சம் பக்குவமாக நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். வீடியோ கூடாது. தேவாலயத்தின் உள்ளேயும் இடுகாட்டிலும் கேமராவை எடுக்கவே கூடாது. மனிதர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சடங்கு நாட்களில் வெளியாருக்கு ஊரையே மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

அவர்களைச் 'செவ்விந்தியர்' என்று எழுதலாமா? சிறு வயதில் காமிக்ஸ் படித்து வளர்ந்த எனக்கு வேறு சொல் வரவில்லை.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

வேண்டாம் ஐயா. தோலின் நிறத்தைச் சொல்லி ஒரு மக்களைக் குறிக்கிற சொல் அது. கொலம்பஸின் தவறும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகோமாக்காரரை ஆகோமாக்காரர் என்றும், ஹோபியை ஹோபி என்றும் சொல்லுங்கள். நவஹோ மக்கள் தங்களை 'டினே' என்பார்கள். அவர்கள் மொழியில் 'மக்கள்' என்று பொருள். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அமெரிக்கப் பூர்வகுடிகள்' நன்றாகவே இருக்கிறது. அவர்களே தங்களை 'இந்தியன்' என்று சொல்லிக்கொள்வதையும் கேட்பீர்கள், சட்டப் புத்தகத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அது அவர்கள் உரிமை. நாம் ஊர்ப்பெயரைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பூர்வகுடிகளுக்குக் கேசினோ நடத்தும் உரிமையை அமெரிக்க அரசு சலுகையாகக் கொடுத்ததா? அவர்கள் எல்லோரும் இப்போது பணக்காரர்கள் என்கிறார்களே?
— ஒரு வாசகர், டாலஸ்

இரண்டுமே தவறு. இதைப் பற்றி நம்மவர்கள் விருந்துகளில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆதங்கம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசுகள் 570-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்குத் தங்கள் நிலத்தில் சட்டம் இயற்ற, வரி போட, போலீஸ் வைக்க அதிகாரம் உண்டு. அமெரிக்கா பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்களிடம் இருந்த இறையாண்மையின் மிச்சம் அது. 1979-ல் ஃபுளோரிடாவின் செமினோல் மக்கள் பெரிய தொகைக்கு பிங்கோ (நம் தம்போலா போன்றது) ஆட்டம் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் கபசோன் என்ற சிறு குழு பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தியது. மாநிலமும் அங்குள்ள கவுன்டியும் தடுக்கப் பார்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கபசோன் குழுவின் பதிவேட்டில் இருந்தவர்கள் அப்போது 25 பேர். அந்த 25 பேரும் அவர்களோடு இன்னொரு பூர்வகுடிக் குழுவும் ஒரு பக்கம், அமெரிக்காவிலேயே மக்கள்தொகை அதிகமான மாநிலம் மறுபக்கம். 1987-ல் தீர்ப்பு பூர்வகுடிகளுக்கு ஆதரவாக வந்தது.

அந்த உரிமைக்கு வரம்பு கட்ட நாடாளுமன்றம் 1988-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மரபு விளையாட்டுகள் முழுக்க அவர்கள் பொறுப்பு. பிங்கோவுக்கு ஒரு தேசிய ஆணையத்தின் மேற்பார்வை உண்டு. ஸ்லாட் மெஷின், பிளாக்ஜாக் போன்றவற்றுக்கு மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். வருமானத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது: சொந்த அரசை நடத்த, மக்கள் நலனுக்கு, பொருளாதார வளர்ச்சிக்கு, தருமத்துக்கு, பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவ. தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பதானால் மத்திய அரசு ஒப்புக்கொண்ட திட்டம் வேண்டும். ஆக, எனக்குத் தெரிந்தவரை இது சலுகைக்கு நேர்மாறு. கையில் இருந்த உரிமையைப் பகிர்ந்துகொள்ள வைத்திருக்கிறார்கள்.

பணக்காரர்களா என்றால், பாதிக்கும் மேற்பட்ட அரசுகளுக்குக் கேசினோவே கிடையாது. பெருநகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சில குழுக்கள் செழித்தது உண்மைதான். பாலைவன நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்களையும் உங்களையும் என்னையும் நம்பியிருக்கும் விடுதி வேறு கதை. அதைவிட, சூதாட்டம் வேண்டுமா என்று அவர்களுக்குள்ளேயே எவ்வளவு விவாதம் நடந்திருக்கிறது தெரியுமா? நவஹோ வாக்காளர்கள் 1994-லும் 1997-லும் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2004-ல்தான் சரி என்றார்கள். முதல் கேசினோ 2008-ல் காலப் பக்கத்தில் திறந்தது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே இருக்கும் 'ட்வின் ஆரோஸ்' 2013-ல் வந்தது. உங்கள் வீட்டுக் கூடத்தில் "சூதாட்டப் பணம் நமக்கு வேண்டுமா?" என்று ஒரு பாட்டி கேட்டிருப்பாரே, அதே கேள்வியை ஒரு நாடே பத்து வருஷம் கேட்டிருக்கிறது.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

பன்றிக் கொழுப்பைத்தான் கவனிக்க வேண்டும். 'லார்ட்' என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். வேகவைத்த பின்டோ பீன்ஸிலும், 'ஹோர்னோ' என்ற மண் அடுப்பில் சுடும் ரொட்டியிலும் அது சேரலாம். பச்சை மிளகாய்க் கூட்டு என்று நினைத்து வாங்கினால் உள்ளே பன்றிக்கறி இருக்கும். நீலச் சோளத்தில் செய்யும் பான்கேக் கிடைத்தால் விடாதீர்கள், நம் கேழ்வரகு அடை நிறம். முட்டை சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் பொரித்த 'ஃப்ரை பிரெட்' பார்க்க நம் பூரி மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எதில் பொரிக்கிறார்கள் என்று விசாரித்து வாங்கிக்கொடுங்கள். 1864-ல் ராணுவம் டினே மக்களை ஊரைவிட்டு நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோய் போஸ்கே ரெடோன்டோவில் நான்கு வருஷம் அடைத்துவைத்தது. அங்கே ரேஷனாகக் கிடைத்த மைதாவையும் கொழுப்பையும் வைத்துப் பிறந்த பண்டம் என்று அவர்கள் சொல்வார்கள்.

விசிட்டர் விசாவில் வந்திருக்கிற அப்பா ஸ்லாட் மெஷினில் ஜெயித்துவிட்டால் வரி உண்டா?
— ஒரு வாசகர், சான் ஹோசே

உண்டு. வரிப் படிவம் எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய தொகை விழுந்தால், அங்கேயே பாஸ்போர்ட்டைக் கேட்டு 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். இந்தியாவோடு உள்ள ஒப்பந்தத்தில் இதற்கு விலக்கு இல்லை.

ஆகோமாவில் பானை வாங்க ஆசை. போலியாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, சென்னை

போலி என்று சொல்லாதீர்கள், இரண்டு வகை உண்டு. அச்சில் வார்த்த பானையை வாங்கி, அதன்மேல் தங்கள் கோலத்தை வரைந்து விற்பது ஒன்று. விலை குறைவு. மற்றது ஆதியிலிருந்து கையால் செய்வது. சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி ஏற்றி, வழித்து வழித்து மெலிதாக்குவார்கள். உடைந்த பழைய பானை ஓடுகளை இடித்து அந்த மண்ணில் கலப்பார்கள். பாட்டியின் பானை பேத்தியின் பானைக்குள் இருக்கும்.

மேலே ஒரு வீட்டு வாசலில், மடக்கு மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா வரைந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூரிகை என்பது யூக்கா என்ற பாலைவனச் செடியின் இலை நறுக்கு. நுனியை மென்று நாராக்கி, இரண்டு மூன்று இழையை மட்டும் விட்டிருந்தார். பானையை மடியில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து வயிறு வரை ஒரே இழுப்பு. தலைமுடி அளவுக் கோடு. அதன் பக்கத்தில் அடுத்தது. ஸ்கேல் இல்லை, பென்சில் குறி இல்லை. கோடு இழுத்து முடியும்வரை நானும் மூச்சு விடவில்லை. "கையால் வனைந்ததா, அச்சில் வார்த்ததா?" என்று கேட்டேன். இரண்டையும் தனித்தனியாக எடுத்து என் கையில் வைத்தார். கையால் வனைந்தது இன்னும் எடை குறைவு. உள்ளே விரலை விட்டுத் தடவினால், லேசான மேடு பள்ளம் தட்டுப்பட்டது. நேராகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். அடித்துப் பேரம் பேசாதீர்கள். வாங்கியதைப் பெட்டியில் போடாமல், புடவையில் சுற்றிக் கைப்பையில் கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

அரிசோனாவிலிருந்து நியூ மெக்சிகோ போகும்போது நேரம் குழம்புமாமே?
— ஒரு வாசகர், டெம்பி

கோடையில் குழம்பும். அரிசோனா கடிகாரத்தை மாற்றாது, நியூ மெக்சிகோ ஒரு மணி முன்னால் ஓடும். அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ நிலம் மாற்றிக்கொள்ளும், அதன் நடுவில் இருக்கும் ஹோபி நிலம் மாற்றாது. ஆகோமா சுற்றுக்கு ஒன்பது மணி என்று சீட்டில் போட்டிருந்தால் பீனிக்ஸ் கணக்கில் எட்டு. போன் தானாக மாறிக்கொள்ளும். காரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பித்தான் நாங்கள் ஒருமுறை பஸ்ஸை விட்டோம்.