துணிக்கடை வேலையில் கால் வீக்கம், நீர்க்கடுப்பு, தூக்கமின்மை: டென்ஷனை எப்படிக் குறைப்பது?

பாலக்காடு சித்தூரில் துணிக்கடையில் நிற்கிறீர்கள், கால் வீங்குகிறது, நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது, தூக்கமில்லை, டாக்டர் டென்ஷனைக் குறைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பல வருஷம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். டென்ஷன் உண்மைதான். ஆனால் அது கடையிலிருந்து வருகிறது. மூச்சுப் பயிற்சி மட்டும் செய்து அதைப் போக்க முடியாது.

நீர்க்கடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், போனால் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். சிறுநீரை அடக்க அடக்கக் கிருமி தங்கிப் பெருகும். எங்கள் கடையில் சேச்சிமார் பலருடைய பையிலும் ஒரே மாத்திரைதான் இருக்கும். கால் கதை வேறு. நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். தூக்கத்தைக் கெடுப்பது டார்கெட். ஓணம் சீசனில் கஸ்டமர் எதுவும் எடுக்காமல் எழுந்து போனால், வாங்கிய திட்டு படுத்த பிறகும் காதில் கேட்கும்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பு கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் வருஷக்கணக்காகப் போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2021-ல் தமிழ்நாட்டிலும் இதே உரிமை வந்தது. அதனால் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். ஒருத்தி கேட்டால் திமிர் என்பார்கள். நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் லேபர் ஆபீஸுக்குப் போங்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்க வேண்டாம். சித்தூர் மாதிரி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது.

அப்புறம், நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தாலும், ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், லீவு கிடைக்குமா என்று யோசிக்காதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.