பின் சீட்டு வாண்டுகளுக்காக எங்கே வண்டியை நிறுத்துவது?

சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரில் நீண்ட தூரம் கிளம்புகிறவர்களின் கேள்விகளாகவே இந்த முறை எடுத்துக்கொண்டேன். சுற்றுலாக் குழுக்களை அழைத்துப்போவதே தொழிலாக இருந்தவள் நான். பதில்கள் சில கறாராக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, ஐந்து வயது மகள், இரண்டு வயது மகனோடு நான்கு நாள் கார் பயணம் போகிறோம். வழியில் பார்க்க வேண்டியவை என்று பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். "இது சுற்றுலாவா, கூரியர் டெலிவரியா?" என்று கேட்கிறாள் மனைவி. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

பதில்: பாதி பதிலை உங்கள் வீட்டம்மாவே சொல்லிவிட்டார், தம்பி. மீதியை நான் சொல்கிறேன்.

பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கு நேரேயும், அங்கே இறங்கினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். "பார்ப்பார்கள்" என்று மட்டும்தான் எழுத வருகிறதா? அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஏறுவார்கள், தொடுவார்கள், எண்ணுவார்கள், ஓடுவார்கள், கல் பொறுக்குவார்கள் என்று எழுத வந்தால் அரை நாளையே கொடுக்கலாம்.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் வழக்கமான பார்வை நேரத்தில் போகிறவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கற்களைப் பார்க்கலாம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஏவ்பரியிலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே கற்களுக்கு நடுவே நடக்கலாம், தடவிப் பார்க்கலாம். ஆடுகள்கூட மேயும். உங்கள் மகளிடம் எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் ஆடு இருக்கிற இடத்தைச் சொல்வாள்.

வட அயர்லாந்தில் ஜயன்ட்ஸ் காஸ்வே என்று ஒரு கடற்கரை. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடித்துப் பிளந்து உண்டான பசால்ட் தூண்கள், சுமார் 40,000 நிற்கின்றன. பெரும்பாலானவை அறுகோணம். எங்கள் குழுவில் வந்த ஒரு சிறுமி ஒவ்வொரு தூணின் மேலும் ஏறி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஆறு... இதுக்கும் ஆறு... ஐயோ, இதுக்கு அஞ்சு!" அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர்களும் தங்கள் காலடியைக் குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அலை படுகிற கற்கள் மட்டும் வழுக்கும், அந்தப் பக்கம் விடக் கூடாது. மற்றபடி அந்த இடத்தில் பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு நேர் எதிர். சுமார் 1.6 கிலோமீட்டர் ஆழம், பெரியவர்கள் வாயடைத்துப்போவார்கள். மூன்று வயதுக்கு அந்தத் தொலைவெல்லாம் பிடிபடாது. அது காலடியில் ஓடுகிற அணிலைத்தான் பார்க்கும். அந்த அணில் கடிக்கும் என்பது வேறு கதை. விளிம்பில் பல இடங்களில் தடுப்பும் கிடையாது. ஆக, பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தபடி நிற்பதே உங்கள் வேலையாகிவிடும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுப்புள்ள ஒரு காட்சிமுனையில் இறங்கி, ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏழெட்டு காட்சிமுனைகளிலும் பிள்ளையை சீட்டிலிருந்து அவிழ்த்து, இறக்கி, மறுபடி கட்டுவது யாருக்காக?

அடுத்தது கடிகாரம். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகன் வழக்கமாகப் பகலில் எப்போது கண்ணசருகிறானோ அந்த நேரம்தான் நீங்கள் நீளமாக ஓட்ட வேண்டிய நேரம். அந்த நேரத்தில் எந்தப் புகழ்பெற்ற இடம் குறுக்கே வந்தாலும் தாண்டிப் போங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி அருவி காட்டிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அருவியின் சத்தத்தையும் மீறி அழுகை கேட்கும்.

காலையில் பெரிய இடம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு பயணம், சாயங்காலம் வெறுமனே ஓடியாட ஒரு திடல். நான்கு நாளுக்கு நான்கு பெரிய இடங்கள், அவ்வளவே. பதினான்கில் மீதிப் பத்தையும் கிழித்துப்போட வேண்டாம், ஓரமாக வையுங்கள். மழை வந்தாலோ சாலை அடைபட்டாலோ ஒன்றிரண்டு கைகொடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எல்லாரும் கீழே இறங்க வேண்டும். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் பெற்ற இடம் தேவையில்லை. நிழல், புல்தரை, சாலையிலிருந்து விலகிய வண்டி நிறுத்தம், சுத்தமான கழிப்பறை, இந்த நான்கும் போதும்.

இணையத்தில் அந்த இடத்தார் போட்டிருக்கும் படங்களை நம்பாதீர்கள். போய் வந்தவர்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பிடி இருக்கிறதா, மரம் இருக்கிறதா, வருகிறவர்கள் என்ன செருப்பு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லார் காலிலும் மலையேறுகிற ஷூ என்றால் தள்ளுவண்டி போகாது. பாராட்டுகளை விட்டுவிட்டுக் குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்களின் புலம்பலைப் படியுங்கள். "வரிசை", "படி", "வெயில்" ஆகிய மூன்று சொற்களையும் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

வார விடுமுறையையும் வயது விதியையும் பார்த்துவிடுங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளி, லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பைசா சாய்ந்த கோபுரத்தில் எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஏறவே விடமாட்டார்கள். வாசல் வரை வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு, உள்ளே யார் போவது, வெளியே பிள்ளையோடு யார் நிற்பது என்று நடுத்தெருவில் சண்டை போட்டவர்கள் உண்டு. நேரக் கணக்கு உள்ள இடங்களும் அப்படித்தான். யெல்லோஸ்டோன் பூங்காவின் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று சராசரியாக 90 நிமிடத்துக்கு ஒரு முறை பீய்ச்சியடித்து, ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடுத்தது எப்போது என்று பூங்காவினரே கணித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு போனால் சொற்ப நேரக் காத்திருப்பு. கேட்காமல் போனால் ஒன்றரை மணி நேரம் இரண்டு வயதுக்காரனை பெஞ்சில் பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான்.

கழிப்பறை விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் சிலவற்றில் ஆள் அசைந்தாலே தானாகத் தண்ணீர் கொட்டும் சென்சார் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே அது உறுமினால் பிள்ளை மிரண்டு, பயணம் முழுக்கக் கழிப்பறைக்கே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கைப்பையில் ஒட்டுக் காகிதம் கொஞ்சம் வைத்திருங்கள். சென்சார் கண்ணின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டு உட்கார வையுங்கள். வெளியே வந்ததும் எடுத்துவிடலாம்.

கேள்வி: நான்கு வயது மகளுக்கு மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி. மலைமேல் இருக்கிற இடங்களை மொத்தமாகவே விட்டுவிட வேண்டியதுதானா, அக்கா?

பதில்: விட வேண்டாம், ஆனால் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அசைகிறது என்று உள்காது சொல்கிறது, கையில் இருக்கிற போனைப் பார்க்கிற கண்ணோ அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம், வளர வளர பெரும்பாலும் குறைந்துவிடும். வளைவு தொடங்கும் முன்பே போனையும் படப் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் தெரிகிறதைக் காட்டிப் பேசிக்கொண்டே போங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மருந்து கொடுப்பதானால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை. பாவமாக இருக்கிறது என்று சீட்டிலிருந்து அவிழ்த்து மடியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் என் கட்சி இதுதான். உச்சிக்குப் போய்த்தான் தீர வேண்டும் என்றில்லை. பாதி மலையிலேயே ஒரு தோட்டமோ அணைக்கட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மேலே போனால் அங்கேயே தங்கிவிடுங்கள், ஒரே நாளில் ஏறி இறங்குவது அவளுக்கு இரண்டு தண்டனை. இறங்கும்போது காது அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம், அவளுக்குத் தெரியாது. குடிக்க ஏதாவது கொடுத்து, மடக்கு மடக்காக விழுங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு மூன்று. அவன் அருங்காட்சியகம் என்கிறான், இவள் ஊஞ்சல் என்கிறாள். மகனும் மருமகளும் எங்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடம் சொல்லம்மா.

பதில்: ஐயா, எல்லாருக்கும் பொதுவான இடத்தைத் தேடினால் யாருக்கும் பிடிக்காத இடத்தில்தான் போய் நிற்பீர்கள். ஒரே வளாகத்தில் அருங்காட்சியகமும் தோட்டமும் இருக்கிற இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பேரனோடு நீங்கள் உள்ளே போங்கள், மற்றவர்கள் வெளியே. நுழைந்ததும் கடையில் இரண்டு மூன்று படத் தபாலட்டைகளை வாங்கி அவன் கையில் கொடுங்கள். அட்டையில் இருக்கிற பொருளைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. மாடி மாடியாக எல்லாவற்றையும் பார்ப்பதைவிட அவனுக்கு அதுதான் ருசிக்கும், உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

பழைய ரயில் இஞ்சின்களை வைத்திருக்கும் காட்சியகம் வழியில் இருந்தால் விடாதீர்கள். மூன்று வயதையும் பத்து வயதையும் எழுபதையும் ஒரே நேரத்தில் இழுக்கிற இடம், என் அனுபவத்தில், அது ஒன்றுதான். விலங்குக் காட்சிசாலை என்றால் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். நண்பகலில் பாதி விலங்குகள் நிழலில் சுருண்டு கிடக்கும், பேத்தி பார்ப்பது வெறும் கம்பியைத்தான்.

கேள்வி: குழந்தை காரில் தூங்கிவிட்டால் ஏசியை ஓடவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. நிறுத்திய காருக்குள் வெயில் நாளில் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. குழந்தையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ஏசி ஓடுகிறதே என்றால், இஞ்சின் நின்றுபோனால் யார் பார்ப்பது? ஒருவர் காரில் இருங்கள், ஒருவர் போய்ப் பாருங்கள். ஆளுக்குப் பாதிப் பாதி பார்த்தால் என்ன குறைந்துவிடப்போகிறது?

கேள்வி: இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்கப்போவதில்லை. அவனுக்காக இவ்வளவு செலவு செய்து ஏன் போக வேண்டும் என்கிறார் என் கணவர்.

பதில்: நினைவிருக்காது என்பது சரிதான். பெரியவர்களான பிறகு பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய சம்பவம் எதுவும் எட்டுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவன் பெயரைச் சொல்லிக் கார்ட்டூன் பொம்மை நிற்கிற பூங்காவுக்கு விலை உயர்ந்த டிக்கெட் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்கு ஈஃபில் கோபுரமும் அதன் அடியில் கிடக்கிற சரளைக்கல்லும் ஒன்றுதான். சரளைக்கல் ஒரு படி மேல். அதனால் நீங்கள் இருவரும் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்குப் போங்கள், பக்கத்தில் அவன் உட்கார்ந்து மண்ணைக் கிளற இடம் இருந்தால் போதும். அவன் சொந்தமாக நினைவு வைத்துக்கொள்கிற வயது வந்ததும் அவன் ராஜ்யம்தான். அதுவரை உங்கள் ராஜ்யம், அனுபவியுங்கள்.

கேள்வி: வழியில் ஆறோ ஏரியோ கண்ணில் பட்டால் பிள்ளைகள் இறங்க வேண்டும் என்று கத்துகிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: ஏற்கெனவே மக்கள் குளிக்கிற, காவலர் நிற்கிற இடமென்றால் நிறுத்துங்கள். ஆளில்லாத அழகான துறை என்றால் காரிலிருந்தே கையசைத்துவிட்டுப் போங்கள். கரையில் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு திடீரென்று ஏறும். சின்னப் பிள்ளை மூழ்க சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், பெரும்பாலும் சத்தமே வராது. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இவரும் "இவர் பார்த்துக்கொள்வார்" என்று அவரும் நினைக்கிற இடம் நீர்க்கரைதான். யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பேசிவிட்டு இறங்குங்கள். அந்த ஆள் போனைக் காரிலேயே வைத்துவிட்டு, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிற்கட்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற கைக்குழந்தைக்கு வெயில் கிரீம் தடவுவதைவிட நிழலில் வைத்திருப்பதே சரி. அப்புறம், மாற்றுத்துணிப் பையை டிக்கியில் எல்லாப் பெட்டிக்கும் அடியில் வைக்காதீர்கள். தண்ணீரைக் கண்ட பிள்ளை காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பி வராது.