கேள்வி – பதில்: முதலில் காதர்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள்

கேள்வி: மணப்பாறையில் குழந்தைகள் ஆடைக்கடை வைத்திருக்கிறேன். திருப்பூர் சரக்கைத்தான் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து எடுக்கிறேன். முழுப் பணமும் கட்டினால்தான் பார்சல் போடுகிறார்கள். பத்து பீஸில் இரண்டு மூன்று சரியில்லை, கேட்டால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்கிறார்கள். நேரில் போனால் வித்தியாசம் இருக்குமா? ஒரு நாள் கடையை மூடினாலே நஷ்டமாயிற்றே.
– வாசகி, மணப்பாறை

பதில்: கட்டாயம் திருப்பூரில் மொத்த விற்பனைக் கடைகள் இருக்கிற காதர்பேட்டைக்குப் போங்கள், சகோதரி. ஒரு நாள் வியாபாரம் போவதைவிட, விற்காமல் அலமாரியில் முடங்குகிற அந்த இரண்டு மூன்று பீஸில்தான் வருடம் முழுக்க உங்கள் பணம் அதிகம் போகிறது.

படத்தில் நிறம் தெரியும், பிரிண்ட் தெரியும், துணியின் கனம் தெரியாது. 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணியும் 180 ஜிஎஸ்எம் துணியும் போனில் ஒன்று போலத்தான் இருக்கும், கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எது இழை இழையாகத் தெரிகிறது என்று உடனே புரிந்துவிடும். டி-ஷர்ட்டை மேஜை மேல் தட்டையாக விரித்து வையுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், துவைத்த பிறகு இன்னும் முறுக்கிக்கொள்ளும், அதை எடுக்காதீர்கள். கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைத்த இழுபடும் பட்டையை, இழுத்து விடுங்கள், பழைய அளவுக்கு வருகிறதா பாருங்கள். அப்புறம் உள்பக்கம் திருப்பி, ஓரம் பிரியாமல் போடுகிற ஓவர்லாக் தையலை விரலால் நெருடிப் பாருங்கள். இதையெல்லாம் வீடியோ காலில் செய்துகாட்டச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது, இருந்தாலும் நல்ல பீஸைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் துணியைப் பார்ப்பது பாதிதான். காதர்பேட்டைக் கடைக்காரருக்கு இன்றைக்கு நீங்கள் வெறும் போன் நம்பர், அவர் போனில் அந்த மாதிரி நம்பர்கள் எத்தனையோ. புது சரக்கு வந்து மூட்டையைப் பிரிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் பொறுக்கி எடுப்பார், மிச்சத்தைத்தான் படம் எடுத்து குரூப்பில் போடுவார்கள். மாற்றித் தருவதும் அப்படித்தான். முகம் தெரிந்தவரிடம் "அடுத்த தடவை" என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

போகும்போது அந்தப் பழுது பீஸ்களையும் பையில் எடுத்துப் போங்கள். சண்டைக்கு அல்ல, மேஜையில் வைத்து "அண்ணா, எங்கள் ஊரில் இது ஓடாது, இப்படி வந்தால் நான் என்ன செய்வது" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அந்த நேரம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்தே அந்தக் கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஒரே கடையோடு திரும்பாதீர்கள், மூன்று நான்கு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பில் வாங்குங்கள். யாராவது தங்கள் யூனிட்டைக் காட்டக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே கடன் கேட்க வேண்டாம், சில தடவை ரொக்கமாக எடுத்த பிறகு பேச்சு தானாக வரும்.

தீபாவளி நெருக்கத்தில் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் யாரும் உங்களோடு நின்று பேச மாட்டார்கள், வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால் தையலும் நின்றுவிடும். ஆடியில் போங்கள். அதன் பிறகு தாராளமாக வாட்ஸ்அப்பில் எடுங்கள், அவர் துணி உங்களுக்குத் தெரியும், உங்களை அவருக்குத் தெரியும்.

கேள்வி: சின்னதாகப் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) யூனிட் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு கம்பெனி மாதக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறது, முதலாளி போனை எடுப்பதே இல்லை. நேரில் போய் நின்றால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, போனில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் உறவைக் கெடுக்கும். நேரில் போங்கள், ஆனால் சனிக்கிழமை வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு வாரச் சம்பள நாள் என்றால் அவருக்கும் சம்பள நாள்தான், கையில் காசு நிற்காது. திங்கள், செவ்வாயில் போய் முதலாளியோடு அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவரையும் பாருங்கள், பல இடங்களில் பில் அவர் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். சரக்கை ஒப்படைத்ததற்கான டெலிவரி சலான் நகலும், பில் நம்பர், தேதி, தொகை எழுதிய ஒரே ஒரு தாளும் போதும். "எப்போ தருவீங்க" என்று கேட்காமல் "எந்தத் தேதி" என்று கேளுங்கள். அவர் சொன்ன தேதியை வெளியே வந்ததும் நன்றியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பேசியதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல், அப்படிக் கெடு தாண்டி நிற்கிற தொகையை அதைக் கொடுத்து முடிக்கும் வரை பாக்கி வைத்த கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் மிரட்டாமல் "ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கண்ணா" என்றாலே விஷயம் போய்ச் சேரும்.

இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு, வேண்டும். பதிவு செய்த பிறகு தைத்துக் கொடுக்கிற வேலைக்குத்தான் அது உறுதியாகக் கைகொடுக்கும், எனவே இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது.