உடைந்த பவளத்தைக் கட்டி வைத்தால் ஒட்டுமா? மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கேள்வி பதில்

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். நான் அதே கடலில் பவளம் நடும் வேலைக்கு முங்குகிறேன். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பார்களை, அதாவது பவளத் திட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பவளம் கல்லா, செடியா? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். (ஆசிரியை, மதுரை)

இரண்டும் இல்லை டீச்சர், சின்னஞ்சிறு விலங்கு. கல் என்பது அது கட்டிக்கொண்ட வீடு. அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அந்தப் பாசி சமைப்பதுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு, நிறமும் அதனால்தான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்ததெல்லாம் செத்தது என்று நினைக்க வேண்டாம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும்.

நடுவது என்றால் என்ன செய்வீர்கள்? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

இங்கே 2002-ல் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவைத்த வேலை இது. அலையில் உடைந்து, உயிரோடு கிடக்கும் கிளைகளைப் பொறுக்குவோம். மான்கொம்பு மாதிரி கிளைவிடும் இனங்கள் சீக்கிரம் வளரும். விரல் நீளத் துண்டாக்கி, சிறு சிமென்ட் பலகையில் அசையாமல் கட்டி, கடலடியில் வைத்த கான்கிரீட் சட்டத்தில் பொருத்துவோம். அசையாமல் என்பதுதான் முக்கியம். கொஞ்சம் ஆடினாலும் அடி தேய்ந்து ஒட்டாமல் போகும்.

சரியாகக் கட்டியிருந்தால் சில வாரத்தில் அடிப்பகுதி மெழுகு உருகி வழிந்த மாதிரி பலகைமேல் பரவும். கட்டிய கயிற்றையே மூடிவிடும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குக் குளிரே தெரியாது!

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு வரிசைப் பலகைகளை மணலை ஒட்டித் தாழ வைத்துவிட்டேன். கச்சான் காற்று கிளம்பிச் சேற்றைக் கலக்கியது. கடல் தெளிந்ததும் போய்ப் பார்த்தால் அத்தனையும் புதைந்து கிடந்தன. அதற்கப்புறம் உயரம் பார்க்காமல் எதையும் வைப்பதில்லை. நட்ட பிறகும் வேலை தீராது. சட்டத்தில் படியும் பாசியைத் தேய்த்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரா மீனும் கிளிமீனும் நிறைய இருக்கிற இடத்தில் அந்த வேலையை அவையே பார்த்துக்கொள்ளும், நமக்குக் கை மிச்சம்.

பாதுகாப்பு என்றாலே எங்களைக் கடலுக்குப் போகாதே என்கிறீர்கள். பிழைப்புக்கு என்ன வழி? (நாட்டுப்படகு மீனவர், கீழக்கரை)

உங்கள் கோபம் நியாயம்தான் அண்ணாச்சி. 1986-ல் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் கோடு போட்டதும் பார் பிழைத்துவிடவில்லை. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளக்கல் வெட்டுவது அதற்குப் பிறகும் நடந்தது. 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற 2 தீவுகள் நீருக்குள் போய்விட்டன. முன்னால் நின்று அலையை வாங்கிய பாரை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

கரையில் இருப்பவர்களே முடிவெடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்களைச் சொல்வேன். தீவோரம் முங்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் அவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. பிலிப்பைன்சின் ஆப்போ தீவிலும் இப்படித்தான். 1982-ல் மீனவர்கள் பாரின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். அங்கே பெருகிய மீன் வெளியே வந்து அவர்கள் வலையிலேயே விழுந்தது. முழுக் கடலையும் மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. களவா மீன் முட்டையிடும் இடம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அங்கே மட்டும் நங்கூரம் போடாமல் விட்டாலே பெரிய உதவி.

அறுந்த வலை பாரில் சிக்கியிருந்தால் இழுத்து எடுக்கலாமா? (மீனவர், மண்டபம்)

இழுக்கவே கூடாது. பவளமும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். முங்கி, துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பெப்சிப் பாசி பவளத்தைக் கொல்கிறதாமே? (இராமேசுவரம்)

கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி அது. பெப்சி நிறுவனம் இங்கே வளர்ப்பைக் கொண்டுவந்ததால் ஊரில் அப்படிப் பெயர் விழுந்துவிட்டது. குருசடைத் தீவுப் பக்கம் அது பவளத்தின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. வெயில் படாமல் அடியில் உள்ளது சாகிறது. பல குடும்பங்கள் அதை வளர்த்துத்தான் சாப்பிடுகின்றன, ஒரேயடியாகத் தூக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாருக்குப் பக்கத்தில் மிதவை கட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடலே சூடாகிறது. நீங்கள் நட்டு என்ன பயன்? (சென்னை)

2010-லும் 2016-லும் பெரிய வெளுப்பு வந்தது, நாங்கள் நட்டதிலும் செத்தது உண்டு. நடுவதால் சூடு குறையாது. ஆனால் ஒரே சூட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பவளக் கூட்டங்களில் ஒன்று சாகும், இன்னொன்று பிழைக்கும். பிழைத்ததிலிருந்துதான் அடுத்த துண்டை எடுக்கிறோம். கழிவுநீர், சேறு, கடலடியை வாரும் இழுவை மடி வலை என்று மற்ற அடிகள் குறைந்தால் பிழைப்பதற்கும் தெம்பு இருக்கும்.

பாட்டி வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைப் பவளம் இருக்கிறது. கடலில் திரும்பப் போட்டால் வளருமா? (கோவை)

வளராதும்மா, அது வெறும் கூடு. 2001 முதல் கல்பவளம் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலியைப் போல. செத்த துண்டை விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.