பழுது வண்டியில் மட்டும் இல்லை

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கள்ளிமந்தயம், இடையகோட்டை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றி வருகிறேன். என் பிக்கப் 2013-ஆம் ஆண்டு வண்டி. கடந்த 14 மாதங்களில் பழுதுக்கே 1,18,000 ரூபாய் போயிருக்கிறது. மனைவியின் நகையைத் தொடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் தண்டல் வாங்கித்தான் சமாளித்தேன். சந்தை விடுமுறை நாளில் வண்டி சும்மா நிற்பதால் மைத்துனர் தம் வேலைக்கு எடுத்துக்கொள்வார்; டீசல் அவரே போட்டுக்கொள்வார். இப்போது முன்பணமே இல்லாமல் புதிய மின்சாரப் பிக்கப் தருகிறோம் என்று ஒரு முகவர் வருகிறார். பழையதைத் தள்ளிவிடலாமா?

பதில்: ஆயில் மாற்றுவது, ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பது பற்றியெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய ஒன்பது பில்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். அவற்றில் ஐந்து, சந்தை விடுமுறைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போடப்பட்டவை. கிளட்ச் செட் இரண்டு முறை, பின்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டு முறை, ஷாஃப்ட் கிராஸ் ஒரு முறை என்று அந்த ஐந்தும் சேர்ந்து 62,000 ரூபாய். மெக்கானிக் ஒரு பில்லின் ஓரத்தில் பென்சிலால் “லோடு குறைக்கவும்” என்று எழுதியிருக்கிறார்; அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மைத்துனர் ஏற்றுவது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மணலை அளக்கும் ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அதில் பாதியே இரண்டு டன்னைத் தாண்டும். உங்கள் வண்டி சுமக்க வேண்டியதோ ஒன்றரை டன். மாதம் மூன்று நடை என்று வைத்துக்கொண்டால் 14 மாதத்தில் 42 நடை ஆகிறது. பழைய வண்டிக்கு இயல்பான தேய்மானமும் உண்டு என்பதால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்றாலும், அவருடைய ஒவ்வொரு நடைக்கும் நீங்கள் 1,500 ரூபாய்க்கு அருகில் கையிலிருந்து கொடுத்திருக்கிறீர்கள். அவர் போடும் டீசல் அவர் ஓடும் ஓட்டத்துக்கே சரியாகிவிடுகிறது. இதற்கு மேல், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுவது அவராக இருக்கலாம், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்.

மீதி நான்கு பில்கள், அதாவது 56,000 ரூபாய், வயதான வண்டி நியாயமாகக் கேட்கும் செலவு. மாதத்துக்கு 4,000 ரூபாய். முகவர் சொல்லும் வண்டிக்கு 9 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 20,000 ரூபாயைத் தொடும். மின்சார வண்டியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தக்காளி விலை சரிந்து, பறிகூலிக்கே கட்டாது என்று தோட்டக்காரர்கள் செடியிலேயே விட்டுவிடும் மாதங்களில் உங்களுக்கு லோடு இருக்காது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். முன்பணம் இல்லை என்பதைச் சலுகை என்று சொல்கிறார்கள். அந்தப் பணமும் கடனில் ஏறி வட்டியோடு திரும்புகிறது, அவ்வளவுதான்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் 8,500 வாங்கி நூறு நாளில் 10,000 கட்டுவது, நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. எட்டு முறை வாங்கியதில் 12,000 ரூபாய் போயிற்று. வங்கியில் 30,000 ரூபாய் நகைக்கடனுக்கு மாத வட்டி 250, 300 ரூபாய்தான் வரும். நகையைத் தொடாத பெருமைக்கு நீங்கள் கொடுத்த விலை அதிகம் என்று உங்கள் மனைவியே சொல்லக்கூடும். அவரிடம் கேட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தண்டல்களை ஒரே நகைக்கடனால் அடைத்துவிடுங்கள். பிறகு ஓட்டம் உள்ள நாள்தோறும் 150 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால், பழுதுக்கான அந்த 4,000 ரூபாய் மாதக் கடைசியில் இருக்கும்.

ஆறு மாதம் மணல் ஏற்றாமல் ஓட்டிய பிறகும் பழுதுச் செலவு மாதம் 8,000 ரூபாயைத் தாண்டினால் அப்போது வண்டியை விற்பதைப் பேசலாம். அப்போதும் விலையில் பாதியைக் கையிலிருந்து கொடுத்து வாங்கக்கூடிய, நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியையே பாருங்கள்.

மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். லோடைக் குறைக்கச் சொல்லி மெக்கானிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அந்தப் பென்சில் குறிப்பையே காட்டுங்கள். வருத்தப்படுவார், இரண்டு மாதம் வீட்டுக்கு வராமலும் இருப்பார். அடுத்த சந்தை விடுமுறைக்கு முதல் நாள் இரவே சாவியை வாங்கி உங்கள் அலமாரியில் வைத்துவிடுங்கள்.