குழாயை மூடாத ஊர்

அன்புள்ள ஐயா,

வரும் மே மாதம் நான், மனைவி, அம்மா மூவரும் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், பார்சிலோனா, கிரனாடா என்று பத்து நாள். அல்புஹார்ரா மலையூர்களைப் பற்றி நீங்கள் முன்பு ஒருமுறை போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கிரனாடாவுக்கு ஒதுக்கிய நான்கு நாளில் இரண்டை அங்கே கழிக்கலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் அங்கே போய்வந்த நண்பர், "வெள்ளை வீடு, பூந்தொட்டி, கம்பளக் கடை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்த பிறகு அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார். அப்படித்தானா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது.

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கி மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு அந்த மலையூர்களில் ஒன்றான பம்பனெய்ரா அப்படித்தான் தெரியும். தேவாலயத்தைச் சுற்றி வாசலுக்கு வாசல் ஹராப்பா தொங்கும். பழந்துணியைக் கிழித்து நெய்த, பட்டை பட்டையாக நிறம் மாறும் விரிப்பு அது. நல்ல பொருள்தான், நாலு கடை தாண்டியதும் அலுத்துவிடும். நான் போனது ஜூன் முதல் வாரம். முதல் நாள் மதியம் எனக்கும் "இதற்கா வந்தோம்" என்றுதான் இருந்தது. பசி வேறு. நான்கு மணிக்குச் சாப்பாடு தேடிப் போனேன். அடுப்பை அணைத்தாகிவிட்டது, இனி இரவு எட்டரைக்குத்தான் என்று கையை விரித்தார்கள். பையில் இருந்த பிஸ்கட்தான் அன்றைக்கு மதியச் சாப்பாடு.

அன்று இரவு தூக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம். குளியலறைக் குழாயைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. படுத்தால் மறுபடியும் அதே சத்தம். இரண்டாம் தடவை போய்க் குழாயை இன்னும் இறுக்கித் திருகிவிட்டு வந்தேன், நம் ஊர்ப் புத்தி. காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே கல் பாவிய தெருவின் நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிய கால்வாயில் தண்ணீர் துள்ளிக்கொண்டு இறங்கிப் போகிறது. பகலிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். கடை பார்த்துக்கொண்டு நடந்ததில் நான் கவனிக்கவில்லை.

அந்தத் தண்ணீருக்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா மூன்றும் போக்கெய்ரா பள்ளத்தாக்கின் ஒரே சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில நூறு பேர்தான் இருப்பார்கள். தலைக்கு மேலே சியர்ரா நெவாடா. அதன் உச்சி முலாசென் 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்தில் அதைவிட உயரம் கிடையாது. கிரனாடாவின் கடைசி முஸ்லிம் அரசன் போவாப்தில், அவனுடைய அப்பா பெயர்தான் அந்தச் சிகரத்துக்கு. கோடையில் இந்தப் பக்கம் மழையே இருக்காது. உச்சிப் பனி வசந்தத்தில் உருகி ஓடிவிட்டால் ஆகஸ்டில் அவரைக்கும் உருளைக்கிழங்குக்கும் எங்கே போவது? அதற்கு அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உருகும் நீரை மலை மேலேயே வாய்க்கால் வெட்டித் திருப்பி, தண்ணீரை உறிஞ்சும் மண்ணாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது மலைக்குள் இறங்கி, மெதுவாக நகர்ந்து, கோடையில் கீழே ஊற்றாகக் கிளம்பும். இதற்குக் கரேயோ என்று பெயர். அணை கிடையாது, தொட்டி கிடையாது, மலையே தொட்டி. வாய்க்காலுக்கு அசெக்கியா என்கிறார்கள். அரபுச் சொல். வாய்க்காலை வெட்டிப் பெருக்கியவர்களின் மொழி அது.

அந்த மக்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1492இல் கிரனாடா கத்தோலிக்க அரசர்களின் கைக்குப் போனபோது, முஸ்லிம்கள் மதத்தை விட வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருடம்கூட அந்த வாக்கு நிற்கவில்லை. கட்டாய மதமாற்றம் தொடங்கிவிட்டது. மதம் மாறியவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர் வைத்தார்கள். 1567இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், அரபு பேசக் கூடாது, பழைய உடை கூடாது, ஹம்மாம் குளியல் கூடாது என்று ஆணை போட்டார். 1568 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அல்புஹார்ராவில் கலகம் வெடித்தது. அடக்க 1571 வரை ஆயிற்று. மொரிஸ்கோக்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து நடு ஸ்பெயினின் காஸ்டீல் பக்கம் சிதறடித்துவிட்டு, காலியான வீடுகளில் வடக்கிலிருந்து ஆள் கொண்டுவந்து குடிவைத்தார்கள். வந்தவர்களுக்கு இந்த வாய்க்கால் விவகாரம் தெரியாது; சொல்லிக்கொடுக்க ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பத்தை மட்டும் இருக்கவிட்டார்கள் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். (வழிகாட்டிகள் இன்னொன்றும் சொல்வார்கள், 'எய்ரா' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வடமேற்கு ஸ்பெயினின் கலிசியாவிலிருந்து வந்தவர்கள் வைத்தது என்று. அதை நம்ப வேண்டாம். போக்கெய்ரா என்ற பெயர் சுல்தான்கள் காலத்திலேயே உண்டு.)

பம்பனெய்ராவிலிருந்து புபியோனுக்குப் பழைய கோவேறு கழுதைத் தடம் ஒன்று ஏறுகிறது. செங்குத்துதான், நின்று நின்று போனால் ஒரு மணி நேரம். பாதி வழியில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். சட்டென்று குனிந்து ஒரு பலகைக் கல்லைத் தூக்கி வாய்க்காலின் குறுக்கே நிறுத்தினார். இடுக்குகளில் புல்லோடு பெயர்த்த மண்ணை அடைத்து, இன்னும் ஒழுகிய இடத்தில் ஒரு பழைய சாக்கைத் திணித்தார். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, ஏறி, பக்கத்து மடை வழியாக அவரைச்செடி வரிசைகளுக்குள் இறங்கியது. அப்புறம் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முறை தொடங்கிவிட்டது. முறை வைத்துத் தண்ணீர் பிரித்துவிட அங்கே அசெக்கியேரோ என்று ஓர் ஆள் உண்டு, நம் நீர்க்கட்டிதான். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து "ஆகுவா" என்றார். தண்ணீர். எனக்குத் தெரிந்த பத்து ஸ்பானிஷ் சொற்களில் அதுவும் ஒன்று என்பதால் எங்கள் உரையாடல் சிரமமில்லாமல் முடிந்தது.

மேலே போனதும் திரும்பிக் கூரைகளைப் பாருங்கள். ஸ்பெயினில் பெரும்பாலும் ஓட்டுக்கூரையாகப் பார்த்துவிட்டு வருவீர்கள், இங்கே எல்லாம் மொட்டை மாடி. கஷ்கொட்டை மர உத்திரம், அதன்மேல் பலகைக் கல், அதன்மேல் லவுனா என்கிற சாம்பல் நிறக் களிமண். மழையில் நனைந்ததும் அது இறுகி நீரை உள்ளே விடாது. மொராக்கோவின் அட்லஸ் மலையில் பெர்பர் மக்களின் வீடுகளும் இதே சாடைதான். லவுனாவைத் தேய்பிறையில்தான் போட வேண்டும், வளர்பிறையில் போட்டால் ஒழுகும் என்று ஒரு நம்பிக்கை. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தலையாட்டுவார்.

அல்ஹம்ப்ராவைப் பார்த்த பிறகு இதில் என்ன என்கிறாரே நண்பர், அல்ஹம்ப்ராவின் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் வந்ததும் தாரோ ஆற்றிலிருந்து வெட்டிய ஓர் அசெக்கியா வழியாகத்தான். அங்கே அது சுல்தானுக்கு ஆடிக் காட்டியது, இங்கே அவரைக்குப் பாய்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் பார்க்க வேண்டும், முதலில் அல்ஹம்ப்ரா.

எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். புதர் மண்டிய படிக்கட்டு வயல்கள்தான் வழியெல்லாம். வாய்க்காலில் வருஷத்துக்கு ஒருமுறை தூர் எடுக்க ஆள் இல்லையென்றால் சரிந்து மூடிவிடும். அருகே கன்யார் ஊரில் அப்படித் தூர்ந்து கிடந்த வாய்க்கால் ஒன்றை 2014இல் கிரனாடா பல்கலைக்கழக ஆட்களும் தொண்டர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெட்டித் தண்ணீர் விட்டார்கள். அந்த வேலை மற்ற ஊர்களிலும் தொடர்கிறது.

சரி, சாப்பாடு. "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. இது பன்றித்தொடை உப்புக்கண்டத்துக்குப் பேர்போன மலை. ஹாமோனை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் உண்டு. "சின் ஹாமோன்" என்று தனியாகச் சொல்லுங்கள். 'பத்தாத்தாஸ் அ லோ போப்ரே' கேளுங்கள்: உருளைக்கிழங்கு, குடமிளகாய், வெங்காயம், ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கியது. மேலே பொரித்த முட்டை வைக்கச் சொல்லலாம். மழை பெய்தால் மீகாஸ் செய்வார்கள். ரவையைப் பூண்டும் எண்ணெயும் விட்டுக் கிளறுவது. உப்புமாவை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட மீன் வைப்பார்கள், அதையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை கடையும் மூடிக் கிடக்கும், பழம், ரொட்டி காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு இந்தத் தெருக்கள் எதிரிதான். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். மூன்று ஊருக்கும் பேருந்து போகிறது. ஏறுவது பேருந்தில், நீங்கள் இருவரும் வேண்டுமானால் இறங்குவது நடையில். அதற்குள் அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருக்கட்டும். தெருவில் யாரைப் பார்த்தாலும் "ப்வேனாஸ்" (வணக்கம் மாதிரி) சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை போதும்.

கிரனாடாவிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். ஓர்ஹிவா என்ற ஊரைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பிக்கும். ஏறும்போது ஒரு பக்கம் பள்ளம். காட்சி வேண்டுமென்றால் நீங்கள் அந்த ஜன்னலில் உட்காருங்கள், அம்மாவை மறுபக்கம் உட்கார வையுங்கள்.